சட்டையில்லாத கிருமி

குழந்தைகள் வார்டைத் துடைக்கும் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் ‘பாட்டில்’. அவள் இடுப்பில் எப்போதும் சானிடைசர் பாட்டில் தொங்கும். கதவைத் தொட்டால் ஒரு சொட்டு, வாளியைத் தூக்கினால் ஒரு சொட்டு. பதினோரு வருடமாக வீட்டுக்கு ஒரு தும்மலைக்கூடக் கொண்டுபோகாதவள். யாராவது கிண்டல் செய்தால், “உங்க பிள்ளைங்க படுக்கட்டும், அப்பத் தெரியும்” என்று ஒரே போடாகப் போடுவாள்.

இரண்டு நாளாக வார்டு முழுக்க வாந்தி. துடைத்து மாளவில்லை. இன்று காலை வழக்கம்போல் பாட்டிலை அழுத்தியவளை நர்ஸ் தடுத்தாள்.

“அக்கா, இதுக்கு அது கேக்காது. சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க.”

“கிருமின்னா எல்லாம் ஒண்ணுதானம்மா?”

“இல்லக்கா. வைரஸுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. உள்ள துளியூண்டு மரபணுச் சரடு, அதச் சுத்தி ஒரு புரத ஓடு, அவ்வளவுதான். நம்ம உடம்புக்குள்ள நுழைஞ்சு, நம்ம செல்ல வச்சே தன்ன நகலெடுத்துக்கும். சிலதுக்கு மேல கொழுப்புச் சட்டை இருக்கும். உங்க பாட்டில் அந்தச் சட்டையத்தான் கிழிக்கும். இந்த வாந்தி வைரஸுக்குச் சட்டையே கிடையாது.”

அக்கா தன் கையைப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் பாட்டிலை மட்டும் நம்பி, இதே கையால்தான் மகளுக்கு ஆரஞ்சுச் சுளை உரித்து ஊட்டியிருந்தாள்.

குழாய்க்கு ஓடி முழங்கை வரை சோப்பைத் தேய்த்தாள். தோல் எரிந்தும் நிறுத்தவில்லை. அப்போது பைக்குள் போன் அடித்தது. நுரைக் கையோடு எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரர்.

வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.