ஜுனைத் நானாவின் பூட்டிய கதவு

ஜுனைத் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. திங்கட்கிழமை காலை, திருகோணமலை ஆஸ்பத்திரி. அடுத்திருந்த அவருடைய கதிரை வெறுமையாக இருந்ததைப் பார்த்து, பஸ் பிந்தியிருக்கும் என்றுதான் நினைத்தேன். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, பகல் தொழுகைக்குப் பிறகு கிண்ணியாவில் அடக்கம் என்றார். சிறுநீரகம் கைவிட்ட எங்கள் எல்லோருடைய இரத்தமும் அந்நேரம் குழாய் வழியே இயந்திரத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

எதிர்க் கதிரையில் இருந்த சிவபாலன், "மிஸ்ஸி, என்னைக் கழட்டி விடுங்கோ" என்றார். இறக்கக்கண்டியில் கடற்தொழில் செய்தவர். ஜன்னலால் துறைமுகம் தெரியும் கதிரை கிடைத்தபோது அதை வேண்டாமென்று சொன்ன மனிதர்.

"பாதியில கழட்ட ஏலாது. தண்ணி ஏறின உடம்போட போய் விழுந்தீங்களெண்டா?"

சிவபாலன் அழுதார். ஊசி ஏறிய கையை அசைக்காமல் மற்றக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இனி நான் வரமாட்டன் டீச்சர்" என்று என்னிடம் சொன்னார். எங்கள் அறையில் அப்படிச் சொல்வதற்கு ஒரே அர்த்தம்தான். வராதவர்கள் நெடுநாள் இருப்பதில்லை. அன்றைக்கு எனக்கு நானாவின் மரணத்தைவிட அந்தச் சொல்தான் பெரிய பயத்தைத் தந்தது.

துறைமுகப் பக்கம் வீடியோக் கடை வைத்திருந்தவராக நானாவை அறிந்தவர்கள் பலர் இதை வாசிப்பார்கள். யுத்தகால ஊரடங்கு நாட்களில் அவரிடம் வீடியோ கெசட் எடுக்க வந்தவர்கள், சண்டையில்லாமல் ஏதாவது தாங்க என்று கேட்பார்களாம். எந்தப் படத்தில்தான் சண்டையில்லை? அப்போதுதான் பழைய படங்களில் சேர்ந்தே வரும் அந்த இரண்டு சிரிப்பு நடிகர்களின் காட்சிகளை மட்டும் எடுத்து ஒரே கெசட்டில் சேர்க்கத் தொடங்கினார். ஒருவர் வாய் ஓயாமல் பேசுவார், மற்றவர் பேசாமலே காரியத்தைக் கெடுப்பார். கதாநாயகி இல்லை, வில்லன் இல்லை, கோர்ட்டும் இல்லை. பிறகு கம்பெனிகளும் அப்படித் தொகுத்து விற்றன. ஆனால் நானாவின் தொகுப்புக்குத்தான் திருகோணமலையில் மவுசு.

கடை போய், சிறுநீரகமும் போய், எங்கள் அறைக்கு வந்தபோது அந்தத் தொகுப்புகளை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்தார். சுவரில் இருந்த டிவியில் மிஸ்ஸி அதைப் போட்டார். எனக்குக் கடும் எரிச்சல். முப்பது வருசம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் நான். தலையும் வாலும் இல்லாமல் சிரிப்பை மட்டும் வெட்டி ஒட்டினால் அது என்ன படம் என்று அவரிடமே கேட்டேன்.

"டீச்சர், கதை எல்லாருக்கும் வீட்ட இருக்கு. சிரிப்புத்தான் கடையில எடுக்கவேணும்" என்றார்.

எரிச்சலோடேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே சிரித்தும் விட்டேன். எங்கள் சிரிப்பை வெளியாள் பார்த்தால் பயந்துபோவார். ஒரு கை மரக்கட்டைபோல் கிடக்கும், மீதி உடம்பு குலுங்கும். கை கொஞ்சம் அசைந்தாலும் இயந்திரம் கத்தும். மிஸ்ஸி ஓடிவந்து ஏசுவார். "மெஷினும் சிரிச்சிட்டுது" என்று நானா அறிவிப்பார். குடிக்கும் தண்ணீருக்கு அளவு, தேத்தண்ணிக்கு அளவு, இளநீரைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று கிடந்த எங்களுக்கு, "சிரிப்புக்கு டொக்டர் அளவு எழுதல்லத்தானே" என்பார்.

அவரிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கடைசிக் காட்சியைச் சரியான இடத்தில் வெட்டிவிடுவார். அந்த இருவரும் பெண் பார்க்கப் போன வீட்டில் பேசாதவர் குடையை எதற்குள்ளோ ஒளித்துவைப்பார், டிவி கறுத்துவிடும். "மிச்சம் வியாழக்கிழமை" என்பார் நானா. வியாழன் விட்டால் திங்கள். எங்களுக்கு அந்த இரண்டு நாட்களும்தான் உலகம். ஒரு கலியாண வீட்டுக்குக் கொழும்புக்குப் போய் நாலு நாள் நிற்க ஏலாது. திரும்ப அதே கதிரைக்கு வந்துதான் ஆகவேண்டும். வருவதற்குச் சாகாமல் இருப்பதைத் தவிர வேறொரு காரணமும் வேண்டுமென்று அவர் கண்டுபிடித்திருந்தார்.

எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் வெள்ளம் நின்ற மழைக்காலம் ஒன்றில் நான் போதுமென்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டேன். உடம்பு வீங்கி, மூச்சு முட்டியது. வீட்டில் கெஞ்சினார்கள். நான் அசையவில்லை. நானா போன் எடுத்தார். உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"டீச்சர், அவர் அந்தக் குடைய எங்க வச்சவர் எண்டு தெரியாமலா மௌத்தாகப் போறீங்க?"

அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி இருந்து வெள்ளத்தைத் தாண்டினேன். குடை சம்பந்திக்கு வைத்த சோற்றுச் சட்டிக்குள் இருந்தது. அதற்காகவா இவ்வளவு பாடுபட்டு வந்தோம் என்று கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கடைசியாக அவர் வெட்டியது கதவுக் காட்சி. இருவருக்கும் நடுவே ஒரு கதவு பூட்டிக்கொள்கிறது. மற்றவன்தான் உள்ளே மாட்டிக்கொண்டான், நான் வெளியில் நிற்கிறேன் என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள். ஒருவரையொருவர் தேற்றுகிறார்கள். கதவுக்குக் கீழால் வாழைப்பழம் தள்ளுகிறார்கள். கடைசியில் பேசுகிறவர், நாங்கள் திறப்பு என்று சொல்லும் சாவி யாரிடம் இருக்கிறதோ அவன்தான் வெளியில் என்று தீர்ப்புச் சொல்ல, இருவரும் சட்டைப்பைக்குள் கை விடுகிறார்கள். டிவி கறுத்துவிட்டது.

அடுத்த முறை முடிவு வரவில்லை. கம்பியூட்டர் பழுது என்றார். பிறகு கரண்ட் இல்லை என்றார், பென்டிரைவை மறந்துவிட்டேன் என்றார். மாதங்கள் போயின. அறை இரண்டாகப் பிரிந்தது. திறப்பு பேசாதவரிடம் என்பது சிவபாலனின் கட்சி. நான் எதிர்க்கட்சி. "திங்கட்கிழமை சொல்றன்" என்று சிரிப்பார் நானா. அந்தத் திங்கட்கிழமைதான் செய்தி வந்தது.

அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் போனேன். நானாவின் மனைவி றஹீமா ராத்தா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தபின் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. பெண் என்றபடியால் என்னால் அறைக்குள் போய் அவர் பக்கத்தில் இருக்க முடிந்தது. அழுது முடிந்து கதைத்துக்கொண்டிருக்கையில், வெட்கத்தை விட்டு அந்தக் கதவைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கெசட் அதோட முடியுது டீச்சர். மிச்சம் பூஞ்சணம் பிடிச்சுப் போயிட்டு. அவருக்கும் தெரியாது."

"அப்ப ஏன் ராத்தா வெட்டினவர்?"

"வெட்டல்ல. இருந்ததே அவ்வளவுதான். படத்தக் கொட்டகையில பார்த்தவங்களத் தேடித் தேடிக் கேட்டவர். தோப்பூரில ஒரு ஆளப் பிடிச்சா, அவர் அந்த இடத்தில நித்திரையாப் போனவராம்." ராத்தாவுக்கு அழுகைக்குள்ளே சிரிப்பு வந்தது. "ஒவ்வொரு ஞாயிறும் எனக்கிட்டக் கேப்பார், நாளைக்கு அவங்களுக்கு என்ன சொல்லிச் சமாளிக்கிற எண்டு."

தன்னிடம் இல்லாத ஒன்றை எங்களுக்குக் காட்டிக் காட்டி இத்தனை மாதமும் கூட்டிவந்திருக்கிறார். அவருக்கும் அதே ஊசிதான், அதே கதிரைதான்.

வீட்டுக்கு வந்து சிவபாலனுக்கு போன் எடுத்தேன். வரமாட்டேன் என்றே நின்றார்.

"நானா வீட்டை போனனான். கதவு என்ன ஆனதெண்டு கேட்டனான்" என்றேன்.

"சொல்லுங்கோ."

"போனில சொல்ல ஏலாது. வியாழக்கிழமை வாங்கோ."

வியாழக்கிழமை வந்தார். முகம் வீங்கியிருந்தது. ஊசி ஏற்றி, இயந்திரம் ஓடத் தொடங்கியபிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்கோ டீச்சர், ஆரிட்டைத் திறப்பு?"

"திங்கட்கிழமை சொல்லுறன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருத்தரிட்டையும் இல்லை, என்ன?"

"திங்கட்கிழமை சொல்லுறன் எண்டனான்."

அவருக்குச் சிரிப்பு வெடித்தது. கை அசைந்தது, இயந்திரம் கத்தியது, மிஸ்ஸி ஓடிவந்து எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏசினார். மெஷினும் சிரித்துவிட்டது என்று அறிவிக்க ஆளில்லை. நான் அறிவித்தேன்.

நானாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பாதிக் காட்சியையும், அதை முடிக்காமல் வைத்திருக்கும் துணிச்சலையும்தான். திங்கட்கிழமை நான் போனபோது சிவபாலன் எனக்கு முன்னமே வந்து கதிரையில் இருந்தார்.