முத்துவடிவின் பங்கு

தென்காசியில் அரிசி மண்டி வைத்திருந்த வல்லிநாயகம் பிள்ளையும் அவர் மகன் தில்லைநாயகமும் எலியும் பூனையும் மாதிரி என்று ஊரே சொல்லும். அப்பா கதர் வேட்டி, மகன் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் குளிக்க வந்தால், எண்ணெய் தேய்க்கும்போது ஆரம்பிக்கிற சண்டை இலை முன்னால் உட்காரும்போதும் ஓயாது. இந்தி வேண்டுமா வேண்டாமா, அரிசி விலை ஏறியதற்கு யார் காரணம், கோயிலுக்குப் போகிறவன் முட்டாளா, போகாதவன் முட்டாளா. குற்றாலத்தில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த எனக்கு ரேடியோ வாங்கும் தேவையே வரவில்லை.

அந்தச் சண்டைக்கு நடுவில் இருவருக்கும் தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக்கொண்டிருந்தவள் முத்துவடிவு. பிள்ளைவாளின் மகள், தில்லைநாயகத்துக்கு அக்கா. கடையத்தில் வாக்கப்பட்டுப் போய், புருஷன் விஷக்காய்ச்சலில் செத்த மூன்றாம் மாதமே மச்சினன்மார்கள் பெட்டியைக் கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். கையில் ஆறு வயது மகள் கல்யாணசுந்தரி. மண்டி வருமானத்தில் பிள்ளைவாள் வாங்கிப் போட்டிருந்த குற்றாலத்து வீடு அப்போது குரங்குகளின் வசத்தில் இருந்தது. கூரை ஓடுகளில் பாதியை அவை பிடுங்கி எறிந்திருந்தன. "அங்கன போய் இரும்மா, வீட்டுக்கும் ஆளாச்சு, ஒனக்கும் எடமாச்சு" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

வடிவு சும்மா இருக்கிறவள் இல்லை. ஓடு மாற்றினாள், சுண்ணாம்பு அடித்தாள், சாரல் சீசனில் குளிக்க வருகிற குடும்பங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டாள். அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு எப்படிப் பசிக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பசிக்கு அவள் சோறு போட்டாள். விருதுநகரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருஷா வருஷம் அவளைத் தேடியே வந்தார்கள். அந்த வீடு வீடாக நின்றதென்றால் அவள் கையால் நின்றது. இதைச் சொல்ல எனக்கு யார் தயவும் வேண்டாம், நான் கண்ணால் பார்த்தவள்.

ஐம்பத்தாறில், அப்பன் சொத்தில் மகனுக்கு இருப்பதுபோல் மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. பிள்ளைவாள் தென்காசியில் கூட்டம் போட்டு அதைப் பாராட்டிப் பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடிவு சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, மகளுக்கும் பங்குன்னு கூட்டத்துல பேசுனியளாமே. அது நம்ம வீட்டுக்கும் உண்டா?"

பிள்ளைவாள் சிரித்தார். "நாதியத்தவளுக்குத்தாம்மா சட்டம். ஒனக்கு எதுக்கு? நீ கேக்காமலே தாறதுக்கு நான் இருக்கேன்லா."

தில்லைநாயகம் இலையிலிருந்து நிமிர்ந்தான். "இதான் ஒங்க காங்கிரஸு. மேடையில சட்டம், வீட்டுல தர்மம். அக்கா, தர்மமா வாங்காத. உரிமையாக் கேளு. நான் நிக்கேன் ஒன் பக்கம்."

"ஏலே, வாயை மூடிக்கிட்டுத் தின்னுலே!"

அன்றைக்கு வடிவு என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகமெல்லாம் பூரிப்பு. அப்பாவை எதிர்க்கிறவன் தன் பக்கம்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் மட்டுமா, நானும்தான்.

இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளைவாள் கேட்காமலே தர வந்தது என்ன தெரியுமா? "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்படி ஒரு யோசனை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண் பங்கு கேட்கக் கூடாது. கேட்காமல் இருந்தால் வருஷம் தவறாமல் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வரும். பச்சரிசி, கரும்பு, மஞ்சள் குலை, ஒரு சேலை. கேட்டால் வாசல் அடைத்துப்போகும். ஒரு கட்டுக் கரும்புக்காகத் தோட்டத்தையும் தோப்பையும் விட்டுவிட்டுப் பெருமையாகச் சிரித்த பெண்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்! வடிவு முடியாது என்றாள். தம்பி கொடுத்த தைரியம். அந்தத் தைப்பொங்கலுக்குப் படி வரவில்லை. பிள்ளைவாள் குற்றாலத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் தில்லைநாயகம் தானே கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். "படியும் தாரேன், பங்கும் தாரேன்க்கா. எங்க கட்சி அப்படி" என்றான். வடிவு அழுதே விட்டாள். அதற்குப் பிறகு அவள் அவனைத் தம்பியாகவா பார்த்தாள்? சாமியாக அல்லவா பார்த்தாள்!

அறுபத்தைந்து தொடக்கத்தில் இந்தி எதிர்ப்புக் கலவரத்தில் அவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைவாள் பக்கவாதத்தில் விழுந்தார். ஆறு வருஷம் பேசாமல் இருந்த மகள்தான் தென்காசிக்குப் போய்ப் பீ மூத்திரம் அள்ளினாள். மண்டையைப் போடும்வரை அந்த மனுஷன் வாயிலிருந்து வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. உயில் என்றும் எழுதவில்லை. சிறையிலிருந்து கொள்ளிவைக்க வந்தபோது தில்லைநாயகம் அவள் காதில் சொன்னான்: "எழுதி வைக்காததே நல்லதுக்கா. சட்டப்படி குற்றாலத்து வீடு பாதி ஒனக்கு."

அறுபத்தேழு தேர்தலில் வடிவும் நானும் மேலகரம், இலஞ்சி என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினோம். "பொம்பளைக்குச் சொத்து வாங்கித் தாறவங்க இவங்கதான்ம்மா" என்று கிணற்றடியில் நின்று பேசுவாள். கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். கட்சி ஜெயித்தது. தென்காசியில் தில்லைநாயகத்தின் வாசலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம்.

அந்த ஆவணியில் கல்யாணசுந்தரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்தாள். மாப்பிள்ளை வாசுதேவநல்லூரில் வாத்தியார். அழைப்பிதழெல்லாம் கொடுத்தாகிவிட்ட நேரத்தில் ஒருநாள் சாயந்திரம் தில்லைநாயகம் வந்தான். நான் தேங்காய் துருவ உதவிக்கு அங்கேதான் இருந்தேன். ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறானாம், இரண்டு பேருமாக வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப்போகிறார்களாம், வடிவு தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வடிவு அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீதானே சொன்னே, உரிமையாக் கேளுன்னு?"

"அது அப்பாட்ட கேக்கச் சொன்னேன்க்கா" என்றான். சிரிக்காமல், கூசாமல் சொன்னான்.

அவனே தொடர்ந்தான். "கல்யாணத்துக்கு முன்னால முடிச்சிரணும். இல்லைன்னா மணவறையில தாய்மாமன் நிக்க மாட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் தம்பி, ஐயரு வேண்டாம், சடங்கு வேண்டாம்னு ஊரு ஊராக் கல்யாணம் பண்ணி வைக்கியே. இப்ப தாய்மாமன் சடங்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"குடும்பத்து விஷயத்துல நீங்க தலையிடாதீங்க மதினி" என்றான். அப்படியே அவன் அப்பா குரல்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக அப்பனும் மகனும் கட்டிப் புரண்டார்களே, அக்காளுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே இருந்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

கையெழுத்துப் போடாதே என்று நான் அவளிடம் மன்றாடினேன். "எம் பங்குக்காக எம் பிள்ளை மணவறையில தலைகுனியணுமா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். மறுநாள் தென்காசிக்குப் போய்ப் பத்திர ஆபீசில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். கல்யாணசுந்தரிக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. தாய்மாமன் பட்டும் தட்டுமாக வந்து, மாலை போட்டு, மருமகள் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தான். இப்படி ஒரு தம்பி கிடைக்க வடிவு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

மறுவீட்டுச் சாப்பாட்டின்போது அவனே மாப்பிள்ளையிடம் போட்டு உடைத்தான். "சீசன் முடிஞ்சதும் வீட்டை இடிக்கப் போறோம் மாப்ளே. அக்காவை ஒங்ககூட வச்சுக்கிடுங்க. கையெழுத்தெல்லாம் போட்டுத் தந்துட்டா."

புதுப்பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அடுக்களைக்கு வந்தாள். நானும் வடிவும் அங்கே இருந்தோம்.

"நெசமாம்மா?"

வடிவு பொலபொலவென்று அழுதுவிட்டாள். "எங்கப்பா என்னை ஏமாத்திட்டாரு. கூடப் பிறந்தவனும் கையெழுத்துப் போடலைன்னா மணவறைக்கு வர மாட்டேன்னு கழுத்தை அறுத்துட்டான். நான் என்ன செய்வேன்? ஒனக்காகத்தான்ட்டி போட்டேன்."

"மாமா வராட்டா கல்யாணம் வேண்டாம்னு அவரு சொன்னாரா? அவர்ட்ட கேட்டியா? என்ட்ட கேட்டியா? ஒனக்கப்புறம் அது எனக்கு வரவேண்டிய வீடு. பத்து வயசிலேருந்து நானும்தான் இங்கன சட்டி கழுவுனேன்." அவள் குரல் உயரவே இல்லை. "தாத்தா ஒனக்குத் தரல. மாமா ஒனக்குத் தரல. நீ எனக்குத் தரல."

அதுவரை அப்பனையும் தம்பியையும் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தவள், அந்த நிமிஷத்தோடு அழுகையை நிறுத்திவிட்டாள்.