ஃபெர்மின் உரக்கப் படித்த எண்

எங்கள் ஆன்டிகுவா நகரத்தில் ஃபெர்மின் சோனாயின் பஞ்சர் கடையைத் தெரியாத ஓட்டுநர் கிடையாது. இளவயதிலிருந்தே ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் எங்கள் சபையின் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பவர். சப்பரத்தை ஆள் மாற்றி மாற்றிச் சுமப்பார்கள்; தோள் உயரம் அளந்து, ஒரே உயரக்காரர்களை ஒரு முறையில் சேர்த்து, அவர்களுக்கு முறை எண் கொடுப்பது என் பொறுப்பு. உயரம் ஒன்றானதால் ஃபெர்மினும் பள்ளி வேன் ஓட்டும் அன்செல்மோவும் வருடா வருடம் முன்னும் பின்னும்தான் நிற்பார்கள்.

இந்தத் தவக்காலத்தில் ஃபெர்மினுக்கு ஒரு போன் வந்தது. சபை அலுவலகத்திலிருந்து பேசுவதாகவும், இனி முறை எண் போனிலேயே வரும் என்றும், வந்ததும் வாசித்துக் காட்டும்படியும் ஒரு பெண் குரல் சொன்னது. ஆறு இலக்க எண் வந்தது. எங்கள் முறை எண்கள் மூன்று இலக்கத்தைத் தாண்டியதில்லை. கூட்டம் பெருகிவிட்டது போலும் என்று நினைத்து அவர் உரக்கப் படித்தார். எண்ணோடு ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று இருந்தது. தன் முறையை வேறொருவர் தட்டிப் பறிக்காமலிருக்கச் சபை சொல்லும் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த எண் அவருடைய வாட்ஸ்அப்பின் சாவி. உடனே வாட்ஸ்அப் அவர் போனில் மூடிக்கொண்டது; எங்கோ ஒரு திருடன் கையில் திறந்துகொண்டது. ‘ஓஃபெலியாவுக்கு அவசர அறுவை சிகிச்சை. பேச முடியாத இடத்தில் இருக்கிறேன். பணம் அனுப்புங்கள்’ என்று அவர் பெயரில், அவர் படத்தோடு நண்பர்களுக்கெல்லாம் செய்தி போனது. அன்செல்மோ வேன் டயருக்கென்று வைத்திருந்த பணத்தை அனுப்பிவிட்டு, கோழி சூப்போடு கடைக்கே ஓடினார். கடையை ஒட்டிய வீட்டு வாசலில் ஃபெர்மினின் மனைவி ஓஃபெலியா மாவுக் கையோடு நின்றிருந்தாள்.

“என்ன தங்கச்சி, ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?”

“யாருக்குண்ணே?”

“உனக்குத்தான்!”

“எனக்கா? காலையிலேர்ந்து சோள ரொட்டிதான் தட்டிட்டிருக்கேன்!”

உள்ளேயிருந்து வந்த ஃபெர்மினுக்கு விஷயம் புரிந்தது. “போன்ல வைரஸ் பூந்துருச்சு அன்செல்மோ. நான் ஒண்ணுமே பண்ணல.”

ஏமாந்ததைவிட அந்தப் பொய்தான் அவரை அரித்தது. அன்செல்மோவின் வேன் தெருமுனையில் தெரிந்தாலே டயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

உயரம் அளக்கும் நாளன்று, கனத்த அடி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அளவுகோலில் தோள் இரண்டு விரல் கூடியிருந்தது.

“பூட்ஸக் கழட்டுங்க ஃபெர்மின்.”

“இப்படியே எழுதிக்குங்க ஐயா,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “வேற முறையில போட்டுருங்க.”

வரிசையில் பின்னால் நின்ற அன்செல்மோ பார்த்துவிட்டார். “என்னய்யா, இந்த வயசுல வளந்துட்ட? ஓஃபெலியா என்ன உரம் போடுறா?”

வரிசையே சிரித்தது. ஃபெர்மின் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். நிமிராமலே சொன்னார்: “வைரஸ் இல்லப்பா. நம்பர நான்தான் படிச்சேன். சத்தமா, ரெண்டு தடவ.”



“தெரியும்யா,” என்றார் அன்செல்மோ. “அந்தப் போன் என் மச்சானுக்கும் வந்துச்சு. நீயா சொல்றவரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

ஃபெர்மினின் உண்மையான உயரத்தை எழுதி, வழக்கமான முறைக்கே சீட்டுக் கொடுத்தேன். பூட்ஸை மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல், கையில் தூக்கிக்கொண்டு, அன்செல்மோவின் வேன் நின்ற பக்கமாகவே காலுறையோடு தெருவில் இறங்கி நடந்தார் ஃபெர்மின்.