ட்வீட்டரை அடக்கிய காது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சாலையில் கார் ஆடியோ கடை. அதன் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி அடிக்கும் பட்டறை. பெரியபாளையத்து ஆடித் திருவிழாவுக்கு வாடகைக்குப் போகும் மைக் செட். மாடி வைத்த சொந்த வீடு. எளாவூர் சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிகளில் நான் பாட்டு வைத்துக் கொடுத்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்ததில்லை. கழனிக் கூலியின் மகன், ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், பதினோரு வருஷம் இரும்பு உருட்டாலையில் வெந்தவன் இவ்வளவும் செய்தான். எந்த கோர்ஸும் படிக்கவில்லை. என் காதுதான் எனக்குக் காலேஜ் என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லுவேன்.

அந்தக் காதுக்குத்தான் சோதனை வந்தது.

வேப்பம்பட்டிலிருந்து தினமும் காரில் இங்கே வேலைக்கு வரும் ஓர் இன்ஜினியர் தம்பி, ஆக்டிவ் கிராஸ்ஓவர் வைத்துத் தரச் சொன்னார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய முறையில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சத்தத்தை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன டப்பா பிரித்துக் கொடுக்கும். இதில் ஆம்ப்ளிஃபயருக்குள் போவதற்கு முன்னாலேயே சத்தம் பிரிந்துவிடும். குண்டுச் சத்தம் டிக்கியில் இருக்கும் சப்வூஃபருக்கு, பாடுகிறவர் குரல் கதவு ஸ்பீக்கருக்கு, ஜால்ரா மாதிரியான மெல்லிய சத்தம் கண்ணாடி ஓரத்து ட்வீட்டருக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் சேனல். எந்த இடத்தில் பிரிய வேண்டும், எது எவ்வளவு ஓங்க வேண்டும் என்பதை செல்போனிலேயே வைக்கலாம். செல்போன் யார் சொன்னாலும் கேட்கும். சொல்கிற காது சரியாக இருக்க வேண்டும்.

நான் வைத்துக் கொடுத்த மூன்றாம் நாள் தம்பி திரும்பி வந்தார். "நைனா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியபாளையம் தாண்டறதுக்குள்ள தலைவலி வந்துடுது."

மறுபடி வைத்தேன். மறுபடி வந்தார். சத்தத்தைப் பிரிக்கிற ப்ராசஸரில்தான் கோளாறு என்று அதையே மாற்றினேன். அப்போதும் வந்தார். "இன்னிக்கு சரியாகலன்னா கழட்டிடுங்க நைனா. மெட்ராஸ்ல பாத்துக்கறேன்" என்றார் மரியாதையாக. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் கையால் மாட்டியதை என் கையாலேயே கழற்றினால், அப்புறம் காது காலேஜ் என்று எவனிடம் சொல்வது? சாயங்காலம் வரை டைம் கேட்டு காரை வாங்கி வைத்தேன்.

மதியம் என் வீட்டுக்காரி சோறு கொண்டு வந்தாள். சர்ச்சில் பாடுகிறவள். வெயிலுக்குக் கார் நிழலாக இருக்கிறதென்று முன் சீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்தாள். நான் பாட்டைப் போட்டேன். கீரையை மடியிலிருந்து தள்ளிவிட்டு வெளியே குதித்தாள்.

"இன்னாய்யா இது, ஊசி வெச்சு குத்தற மாறி கீது!"

"உனுக்கு இன்னாமே தெரியும்? அதான் கிளாரிட்டி."

"கிளாரிட்டியா? நீயே காதுல வெச்சிக்க."

அவள் வாயை அடைக்கலாம் என்று சோதனைச் சத்தத்தைப் போட்டேன். விசில் மாதிரி ஆரம்பித்து மேலே மேலே ஏறும். கேட்கிற வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டிரு என்றேன். சத்தம் ஏறியது, மெலிந்தது, நின்றது. அவள் கை இறங்கவில்லை.

"இன்னும் எதுக்கு கைய தூக்கிக்கினு கீற? அதான் நின்னுபோச்சே."

"நின்னுபோச்சா? காது கிழியுதுய்யா!"

செல்போனைப் பார்த்தேன். சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்படியே பானெட்டின் மேல் சாய்ந்துவிட்டேன். உருட்டாலையில் காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நாங்கள் யாரும் போடவில்லை. அந்தப் பதினோரு வருஷமும் மெல்லிய சத்தங்களை என் காதிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்குக் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொரு வண்டியிலும் ட்வீட்டரை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறேன். லாரிக்காரர்கள் ஒருவரும் குறை சொல்லாததைப் பெருமையாக நினைத்தேன். இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த அவர்கள் காதும் என் காது மாதிரிதானே.

அவள் சிரிக்கவில்லை. திரும்ப ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். "நீ வெய்யி. நான் சொல்றேன்" என்றாள்.

மறுபடி பாட்டைப் போட்டு ட்வீட்டரை இறக்கினேன். "இன்னும்." இறக்கினேன். "இன்னும்யா." எனக்கு அது செத்தே போய்விட்டது. அவளுக்கு அப்போதுதான் சரியாக வந்தது. குரல் ட்வீட்டருக்குள் ஏறிக் கீச்சிடாமல் இருக்க, சத்தம் பிரிகிற இடத்தையும் கொஞ்சம் மேலே தள்ளினோம். இடதும் வலதும் ஒன்றாக வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "இப்போ அந்தம்மா கண்ணாடிக்கு முன்னாடி நின்னுக்கினு பாடுது." எனக்கு அந்தம்மா தெரியவில்லை. அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் செல்போனில் கடைசி இரண்டு புள்ளிகளை வைத்தேன்.

சாயங்காலம் தம்பி வந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். இன்னொன்றும் போட்டார். எதையும் கழற்றச் சொல்லாமலே காரை ஓட்டிப் போனார்.

இன்று என் கடையில் எந்த வண்டியும் அவள் உட்கார்ந்து கேட்காமல் வெளியே போவதில்லை. முப்பது வருஷமாகச் சோறு போட்டவள் இப்போது காதும் கொடுத்திருக்கிறாள். எந்தச் சாமிக்கு நன்றி சொல்கிறேனோ இல்லையோ, அவளுக்குச் சொல்கிறேன். எழுத்திலும் சொல்லியாயிற்று.

ஆனால் ஒன்று. அந்தத் தம்பி காரை வீடியோ எடுத்துப் போட்டு, 'டியூனிங்: கும்மிடிப்பூண்டி அம்மா' என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். ஆனாலும் அந்த சப்வூஃபர் பெட்டியை அடித்தது யார்? கதவுக்குள் ரப்பர் ஷீட் ஒட்டியது, அஞ்சு சேனலுக்கும் ஒயர் இழுத்தது, ட்வீட்டர் எரியாமல் கண்டன்சர் வைத்தது யார்? தம்பி, இதைப் படித்தால் என்னையும் சேர்த்துப் போடுங்கள். அவளுக்குக் கீழேயே போடுங்கள், பரவாயில்லை. எழுத்து மட்டும் சின்னதாக இருக்கக் கூடாது.