வாசலில் சாத்திய மட்டக்கம்பு

1961 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, நான் தலவாக்கலைக்குப் புறப்பட்டதற்குக் காரணம் வாரப் பத்திரிகையில் வந்த ஒரு சிறுகதை. கொழுந்து பறிப்பவர்கள் செடிகளின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கும் நீளக் கம்பு அதில் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அது நட்டநடுப் பகலில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் சாத்தியிருக்கும். பறித்தவள் உள்ளே இறந்து கிடப்பாள்.

கதையில் வரும் பாலமும் ஒற்றைச் சவுக்கு மரமும் நான் பிறந்த தோட்டத்துடையவை. என்னைப் படிக்க அனுப்பிவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேறிய என் அக்கா செல்லம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கண்டியில் பிள்ளைகளுக்குக் குறியீடு பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். ஆனாலும் அக்காவிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லாதபோது கதையைக் கதையாகப் படிக்க முடியவில்லை.

காலை எட்டரைக்கு ரயில். ஹட்டனில் மழை பிடித்தது. பன்னிரண்டேகாலுக்குத் தலவாக்கலை, அங்கிருந்து நான்கு மைல் பஸ், இருபது சதம். "மேல ரெண்டு மைலும் வழுக்குங்க, செருப்பக் கழட்டிருங்க" என்றார் கண்டக்டர். கழற்றினேன். அட்டைகள் ஏறின.

லயத்தை அடைந்தபோது மணி இரண்டு. எல்லாரும் மலையில் இருக்க வேண்டிய நேரம். அக்காவின் வாசலில் மட்டக்கம்பு சாத்தியிருந்தது.

கதவைத் தள்ள எனக்குக் கை வரவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து மாரியாயி பச்சைக் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். அக்கா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் தேயிலைக் குச்சி பொறுக்கப் போயிருக்கிறாளாம். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலரைக்கு வந்த அக்காவிடம் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"கம்பு வாசல்ல இருந்தா செத்துருவாங்களா? அப்ப ஞாயித்துக்கெழம லயத்துல ஒருத்தரும் உசுரோட இருக்க மாட்டாங்களே, டீச்சரம்மா."

நானும் சிரித்தேன். பிறகு அவள் மூன்று படிகள் ஏறினாள். இரண்டு முறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். மலையில் மூச்சு வாங்குவதால் கங்காணி ஸ்டோருக்கு மாற்றிவிட்டாராம். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதச் சொல்றது? சொன்னா நீ ஓடி வந்துருவ."

கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். "பாப்போம்" என்றாள். இரவெல்லாம் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். காலையில் இறங்கும்போது கம்பை நீட்டினாள், ஊன்றிக்கொள்ள. பஸ் நிற்கும் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"நீயே வச்சுக்க. எனக்கு எதுக்கு இனி?"

இந்தப் பக்கம் போகிறவர்கள் ஜூனில் குடையோடு அட்டைக்கு உப்பும் எடுத்துச் செல்லுங்கள். காலை ரயிலை விட்டால் மேலே ஏறுவதற்குள் இருட்டிவிடும். அங்கே உங்களுக்கு ஆள் இருந்தால், கடிதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை அக்காவை அழைத்துவர மறுபடி போகிறேன். அவள் வருவாளா தெரியாது. கம்பு என் வீட்டில்தான் இருக்கிறது. வாசலில் சாத்த மனம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடத்தியிருக்கிறேன்.