வடக்கு கோலுக்குப் பின்னால் நிற்கும் தென்னைகள்

"ஆளு கூடுனா எடத்தையும் கூட்டணும், இல்லியா சாரே?" என்று வகுப்பில் ஒருநாள் செல்லையா கேட்டான். ஆம் என்றேன்.

அந்த 'ஆம்' சரிதானா என்று இன்று குழப்பமாக இருக்கிறது. அதனால்தான் வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன்.

இன்று குளச்சல் பஸ்ஸில், நம் கால்பந்துக் கழகச் செயலாளராகிவிட்ட அதே செல்லையாவும், அவனோடு படித்த மீரானும் இருந்தார்கள். வடக்கு கோலுக்குப் பின்னால் பார்வையாளருக்குப் படிவரிசை கட்ட, மீரானின் தென்னைகளை வெட்ட வேண்டுமாம்.

"கழகத்துக்குன்னா தருவேன் சாரே. ஆனா எனக்க வாப்பா வச்ச மரம்."

"ஆளு நிக்க எடமில்ல மக்கா!" என்றான் செல்லையா.

நம் கூட்டம் எப்போதும் எதிரணியின் கோலுக்குப் பின்னால்தான் நிற்கும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறியதும், மொத்தமாகத் தெற்கே ஓடிவிடும். பிறகு அந்தப் படியில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன்.

செல்லையா யோசித்தான். "அப்ப தெக்கயும் கெட்டுவோம்."

"ஏலே, அங்க கடலுல்லா கெடக்கு!" என்றான் மீரான்.

அடுத்த ஆட்டம் முடிந்ததும் மீரான் முடிவு சொல்ல வேண்டும்.

அன்று இடைவேளைக்குப் பிறகும் நின்ற இடத்திலேயே நின்று பாருங்கள். முடிந்ததா என்று இந்தத் தாளின் அடியில் எழுதுங்கள்; மரத்தை வெட்டத் தருவதா என்று மீரான் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.