போகாத மூலையின் பதினொரு மரங்கள்

போன கிழமை பருத்தித்துறை பஸ்ஸில் ஓர் அம்மா நண்டுப் பையோடு பக்கத்தில் வந்து இருந்தார். பை ஒழுகியது. கடனீரேரிச் சேற்றின் அந்தக் கூழ்முட்டை மணம் மூக்கில் ஏறியதும் ஜெசிந்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. இதை அவளிடம் சொன்னால் அடிக்க வருவாள்.

ஜெசிந்தா குருநகர்ப் பெண். பல்கலைக்கழகத்தில் என் வகுப்பு. இறுதி வருட ஆய்வுக்குத் தென்மராட்சிக் கரையில் ஒரு கண்ணாக் காட்டை எடுத்திருந்தாள். சேற்றுக்கு மேலே மூச்சுவேர் நீட்டும் அந்த மரங்களுக்கு இலக்கத் தகடு அடித்து, மாரிக்கு முன், மாரி தொடங்கும்போது, மாரி முடிய என்று மூன்று முறை சுற்றளவு எடுக்கவேண்டும். துணைக்கு நான். உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்துக்குள் வளர்ந்தவளுக்குச் செம்மண்ணைத் தவிர வேறு என்ன தெரியும்? முதல் நாளே ஒரு செருப்பைச் சேற்றுக்குக் காணிக்கை கொடுத்தேன்.

இரண்டாம் முறை அளந்தபோது, கடைசி நாள், அவளுக்குக் காய்ச்சல். தனியே போனேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மூலைதான் மிச்சம். ஆனால் இடுப்பளவு தண்ணீர். அணைக்கட்டில் குந்தியிருந்து பணிஸ் தின்றபடியே, பழைய எண்களோடு ஆளுக்கு அரைச் சென்ரிமீற்றர் கூட்டி எழுதினேன். சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டு மரத்துக்குக் கொஞ்சம் குறைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி.

மாரி முடிய, மூன்றாம் முறை அளக்க இருவருமாகப் போனோம். அந்த மூலையில் பதினொரு அடிக்கட்டைகள். யாரோ விறகுக்கு வெட்டியிருந்தார்கள்.

ஜெசிந்தா குனிந்து தடவிப் பார்த்தாள்.

"உது புது வெட்டில்லையடி. மேலை சிப்பி ஒட்டி வளந்திருக்கு. மாரிக்குக் கன நாள் முந்தியே வெட்டிட்டாங்கள்." பிறகு என் தாளைப் பார்த்தாள். "அப்ப நீ எதை அளந்தனி?"

"நான் போகேல்லை," என்றேன். "தண்ணி இடுப்பளவு."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தாள்.

அடுத்த நாள் நானே ஆய்வை மேற்பார்த்த சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மற்றத் தாளுகளும் நீர் எழுதினதுதானே, பிள்ளை? அதுகளை நான் எப்பிடி நம்புறது?"

என் கையெழுத்து இருந்த தாள்கள் எல்லாம் தள்ளுபடியாயின. ஜெசிந்தாவின் ஆய்வு அரை வருடம் பிந்தியது. அவளுக்குக் கிடைக்கவிருந்த தற்காலிக விரிவுரையாளர் வேலை இன்னொருவருக்குப் போனது.

எல்லா மரத்தையும் திரும்ப அளந்தோம். இம்முறை நாடா என் கையில், பேனை அவள் கையில். நான் எண்ணைச் சொல்வேன். அவளே ஒருதரம் குனிந்து பார்த்துத்தான் எழுதுவாள். வேறு கதை இல்லை. நாலாம் நாள் நான் தொடைவரை புதைந்துபோக, இழுக்க வந்தவளும் விழுந்தாள். "சனியன்!" என்றாள். பிறகு சிரித்தாள். அன்றிலிருந்து கதைக்கத் தொடங்கினோம், பழையபடி முழுதாக இல்லாவிட்டாலும்.

போன பங்குனியில் அந்தக் கண்ணாக் காட்டுப் பக்கம் போக நேர்ந்தது. கிரவல் கொட்டி நிரவி, கம்பிவேலி போட்டிருந்தார்கள். அங்கே நின்றபடியே, மன்னாரில் படிப்பிக்கும் ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"எங்கடை மரம் ஒண்டாவது நிக்குதோ?" என்று கேட்டாள்.

"பொறு, பாத்துச் சொல்லுறன்," என்றேன். வேலியைச் சுற்றி மற்றக் கரைவரை நடந்தேன். அவள் மறுமுனையில் காத்திருந்தாள்.

"இல்லையடி, ஒண்டும் இல்லை."